வளைவுக்கு ஒரு ஹாரன்

"எங்ககிட்ட என்ன குறை? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

செங்கோட்டுவேலு மூச்சு வாங்கக் கேட்டான். பாறை அவ்வளவு செங்குத்து. முதுகில் கிடார் வேறு.

பாறையின் உச்சியில் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை வானத்தை நோக்கித் தூக்கியிருந்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன. உதடுகள் ஏதோ முணுமுணுத்தன.

தவம் போலிருக்கிறது என்று அவன் செருப்பைக் கழற்றினான்.

"ஏறு... ஏறு... ஏறுடா கண்ணு... நின்னுடாதடா... ஆங்! ஏறிடுச்சு!"

அவள் கையை இறக்கினாள். கைக்குள் போன் இருந்தது.

சீங்காட்டு மலையில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்தப் பாறைதான். அதனால்தான் மாதேஸ்வரி அங்கே உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்து மூன்று. மலையில் பேரன் எடுத்தவர்கள்கூட அவளைப் பாறையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இப்ப கேளுங்கண்ணா. என்ன குறை?"

"அதைத்தான் நான் உங்களைக் கேட்டேன்."

"நீங்க யாரு?"

"நாங்க ஈரச்சுவர். சேலத்துல பாட்டுக் குழு. கேள்விப்பட்டிருப்பீங்க."

"இல்லையே."

"அதான் குறை."

*

மாதேஸ்வரி எடுத்த ஒரு வீடியோவை ஊரே பார்த்திருந்தது. ஊர் என்றால் சேலமும் நாமக்கல்லும் மட்டுமில்லை. கடல் தாண்டிப் போனவர்கள் எல்லாம் பார்த்துவிட்டு, அங்கிருந்து தங்கள் அம்மாவுக்கு அனுப்பி வைத்தார்கள்.

அடைமழை. ஓட்டு வீடு. ஒழுகாத இடமே இல்லை. ஒவ்வொரு ஒழுக்குக்குக் கீழேயும் ஒரு பாத்திரம். அண்டா டொம் என்றது. சொம்பு டிங் என்றது. தட்டு டிக்டிக் என்று உயிரை வாங்கியது.

அவள் சொம்பை ஒரு சாண் நகர்த்தினாள். தட்டைக் கவிழ்த்தாள். அண்டாவில் கொஞ்சம் தண்ணீரைக் கொட்டினாள். திடீரென்று வீடே தாளம் போட ஆரம்பித்துவிட்டது. அவள் அப்பா நனைந்த லுங்கியோடு எழுந்து ஆடினார்.

ஒரே போன். ஒரே தடவை. வெட்டு, ஒட்டு எதுவும் கிடையாது.

"உங்களைப் பார்த்துத்தான் நாங்களும் ஒரு மழைப் பாட்டு எடுத்தோம்" என்றான் செங்கோட்டுவேலு.

"மழை வந்துச்சா?"

"தண்ணி லாரி வரவழைச்சோம். மாடி மேல ஆள் ஏறி ஊத்துனாங்க."

"பாத்திரம்?"

"எல்லாம் புதுசு. ஸ்டிக்கர்கூட உரிச்சோம்."

"ஒழுகணுமே. ஓட்டைக்கு என்ன பண்ணுனீங்க?"

அவன் கிடார் வாரைச் சரிசெய்துகொண்டான்.

"கான்கிரீட் வீடு. டிரில் போட்டோம்."

"யார் வீடு?"

"மாமனார் வீடு."

மாதேஸ்வரி போனைக் கீழே வைத்தாள்.

"இப்ப எப்படி இருக்கு வீடு?"

"இப்ப நெசமாவே ஒழுகுது. மாமனார் என்கூடப் பேசறதில்ல."

அவள் சிரித்த சிரிப்பில் பாறையில் படுத்திருந்த ஓணான் எழுந்து ஓடியது. சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"யாரெல்லாம் பார்த்தாங்க?"

"சொந்தக்காரங்க. அதுலயும் அத்தை பாதியில தூங்கிட்டாங்க."

"அத்தைன்னா, வீட்டைப் பறிகொடுத்த அத்தையா?"

"அவங்களேதான்."

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஸ்டான்லி கிளம்பறான்" என்றான். "எங்க தாளமே அவன்தான். மரப்பெட்டி மேல உட்கார்ந்து கையால வாசிப்பான். ஓமன்ல வேலை கிடைச்சிருக்கு. அவன் போயிட்டா ஈரச்சுவர் இல்ல. நானும் பிருந்தாவும் மட்டும் என்ன பண்ண முடியும்? அவ வயலினு, நான் கிடாரு. ரெண்டு கம்பி வாத்தியம், நடுவுல தாளமே கிடையாது."

"ம்."

"போறதுக்குள்ள ஒரே ஒரு வீடியோ. எடுக்காம அவனை அனுப்ப மாட்டேன். அதை உலகமே பார்க்கணும்."

"உலகம் எந்த பஸ்ல வருது?"

அவன் விழித்தான். இது பெரிய தத்துவம் போலிருக்கிறதே என்று மனசுக்குள் உருட்டிப் பார்த்தான். உருண்டதே தவிர எங்கேயும் போய் நிற்கவில்லை.

"சரி, அதை விடுங்க. நீங்க எந்த பஸ்ல வந்தீங்க?"

"இருக்கறதே ஒரு பஸ்தானே. மதியம் வர்றது."

"வழியில என்ன பார்த்தீங்க?"

"எதுவும் பார்க்கல. கண்ணை மூடிக்கிட்டு மெட்டு யோசிச்சேன். எங்க யோசிக்க விட்டாரு அந்த டிரைவர்? வளைவுக்கு வளைவு ஹாரன். காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தற மாதிரி."

மாதேஸ்வரி கையை நீட்டி மலைப்பாதையைக் காட்டினாள்.

"போயிட்டு வாங்க."

"எங்க?"

"கீழ. அதே பஸ்ல. கண்ணைத் திறந்துக்கிட்டு."

*

அந்த மலைக்கு ஒரே பஸ். இரவு மலையிலேயே படுத்துக்கொள்ளும். காலையில் இறங்கும், மதியம் ஏறும், மறுபடி இறங்கும், பொழுது சாய மறுபடி ஏறி வந்து படுத்துக்கொள்ளும். ஓட்டுகிறவர் பெரியண்ணன். அவருக்கு லீவு என்றால் மலைக்கே லீவு.

செங்கோட்டுவேலு இறங்கிப் போனான். ஏறி வந்தான்.

"என்ன பார்த்தீங்க?"

"வளைவு. அப்புறம் வாந்தி."

"யாரு எடுத்தாங்க?"

"நான்தான்."

"போயிட்டு வாங்க."

மறுநாள் காலையில் மறுபடி போனான். இந்தத் தடவை ஜன்னலோரம் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே உட்கார்ந்தான். மதியம் வந்து பாறை ஏறினான்.

"என்ன பார்த்தீங்க?"

"ஒவ்வொரு வளைவு தாண்டினதும் யாரோ நிக்கிறாங்க. கோயில் வளைவுல ஒரு பொண்ணு நின்னா, காலேஜ் பையோட. பலாமரத்து வளைவுல ஒருத்தர் பலாப்பழத்தைக் குழந்தை மாதிரி தூக்கி வெச்சுட்டு நின்னாரு. அடுத்ததுல அங்காயின்னு ஒரு அம்மா, தக்காளிக் கூடை. ஏறின உடனே அந்தம்மா பஸ்ஸுக்கே நாட்டாமை. 'ஏஞ்சாமி, காலை மடக்கு, கூடை உன் மடியிலயா உட்காரும்?'"

அவனும் கொஞ்சம் அங்காயி மாதிரியே பேசிக் காட்டினான். மாதேஸ்வரி தலையை ஆட்டினாள். சுமாராக இருந்தது என்று அர்த்தம்.

"மேல கிளம்பறப்ப பஸ்ல ஆளே இல்ல. நான் ஒருத்தன்தான். கீழ போகப் போக ஒவ்வொருத்தரா ஏறி, ஊத்து வளைவு தாண்டறப்ப நிக்க இடம் இல்லாம..."

நின்றான்.

வாயைத் திறந்தபடியே நின்றான்.

"ஒவ்வொருத்தரா ஏறி..." என்றான் மறுபடி.

அப்புறம் திரும்பிப் பாறையில் இறங்கி ஓடினான். செருப்பு பாறை மேலேயே கிடந்தது.

கொஞ்ச தூரம் போனவன் திரும்பிக் கத்தினான்:

"மேல கிளம்பறப்ப நான் மட்டும் பாடுவேன்! பலாமரத்து வளைவுல பிருந்தா ஏறுவா, வயலின் சேரும்! கடைசி வளைவுல ஸ்டான்லி ஏறுவான், தாளம் சேரும்! ஒரே போன்! ஒரே தடவை! வெட்டு கிடையாது!"

மாதேஸ்வரி வாயில் கையைக் குவித்துப் பதில் சொன்னாள்:

"அது மாமனார் பஸ் இல்லையே?"

*

பெரியண்ணன் சம்மதித்தார். சம்மதித்த விதம் இப்படி:

"பாடுங்க. ஆடுங்க. தலைகீழா நில்லுங்க. எனக்கென்ன? ஆனா வண்டி நிக்கற எடத்துல மட்டும்தான் நிக்கும். உனக்காக நிக்காது, எங்கம்மாவுக்காகவும் நிக்காது."

பிருந்தாவும் ஸ்டான்லியும் சேலத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். மிளகு காயப்போடும் கொட்டகை ஒன்றில் மூன்று பேருக்கும் இடம் கிடைத்தது. ஸ்டான்லி பெட்டி படுக்கையோடு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை இதே பஸ்ஸில் இறங்கி, அப்படியே ரயிலேறி, அப்படியே விமானம் ஏற வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை முதல் முயற்சி. டிரைவருக்குப் பின்னால் இருந்த கம்பியில் பிருந்தாவின் தலைமுடிக் கிளிப்பால் போனைக் கவ்வ வைத்தார்கள். காலி பஸ். பனி. செங்கோட்டுவேலு கிடாரை மடியில் வைத்துக் கண்ணை மூடித் தொடங்கினான்.

*கதவைத் தெறந்துதான் வெச்சிருக்கேன்...*

அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தான்.

பாஆஆம்! பாம் பம்!

மூச்சு வந்த வழியே போய்விட்டது.

"அண்ணே, ஹாரன்!"

"ஆமா, ஹாரன்."

"அடிக்காம இருக்க முடியாதாண்ணே? பாட்டு ஓடற வரைக்கும்?"

பெரியண்ணன் திரும்பவில்லை. கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

"தம்பி, இந்த வளைவுக்கு அந்தப் பக்கம் யாரு வர்றான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. அதான் ஹாரன்."

கண்டக்டர் எழுந்து வந்து இன்னும் விளக்கினார். இந்த ஹாரனைக் கேட்டுத்தான் மலையில் உலை வைப்பார்கள். கோயில் வளைவில் கேட்டால் செருப்பு மாட்ட வேண்டும். அடுத்த வளைவில் கேட்டால் ஓட வேண்டும். அதற்கும் அடுத்த வளைவில் கேட்டால் ஓடிப் பிரயோஜனமில்லை, திரும்பி வந்து காபி குடிக்கலாம்.

"ஒரு நாள் இவரு அடிக்கலைன்னு வெய்யி," என்றார் கண்டக்டர், "மலை பூரா சோறு குழைஞ்சிடும்."

*

மதியம் இரண்டாவது முயற்சி. சின்ன ஒலிபெருக்கி ஒன்றை வாங்கி வந்து பாட்டின் சத்தத்தைக் கூட்டினான்.

ஹாரன் அதைவிடச் சத்தமாக இருந்தது. அங்காயி அதைவிடச் சத்தமாக இருந்தார்.

"ஏஞ்சாமி, உனக்கு என்ன வவுத்து வலியா? இப்படி அலர்ற!"

சனிக்கிழமை காலை மூன்றாவது முயற்சி. ஹாரன் வரும்போது வரட்டும், அப்புறம் கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான். பிருந்தா உதட்டைப் பிதுக்கினாள்.

"ஹாரனை அழிச்சா உன் குரலும் சேர்ந்து போயிடும் வேலு. ரெண்டும் ஒரே எடத்துல நிக்குது."

அவன் காதில் வாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஹாரனுக்கு மேல் பாடினான். கழுத்து நரம்பு புடைத்தது. பிருந்தா ஏறினாள், வயலின் சேர்ந்தது. ஊத்து வளைவு தாண்டி ஸ்டான்லி ஏறினான். பெட்டியைக் கீழே வைத்தான்.

ஒரு பெரியவர் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. ஸ்டான்லி வாசிக்க வேண்டிய இடத்தில் பெரியவர் இருமினார். தாளம் தப்பாமல்தான் இருமினார்.

பஸ் அடிவாரத்தில் நின்றதும் ஸ்டான்லியும் பிருந்தாவும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். செங்கோட்டுவேலுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னும் மதியம் ஒண்ணு இருக்கு. நாளைக்குக் காலைல ஒண்ணு இருக்கு" என்றான். "விட மாட்டேன்."

"மாப்ள, இங்க வா" என்றான் ஸ்டான்லி. "உலகம் பார்க்கட்டும், பார்க்காம போகட்டும். அங்க எனக்கு வேலை முடிஞ்சு ரூம்ல படுத்துக்கிட்டுப் பார்க்க ஒண்ணு வேணும்டா. நம்ம மூணு பேரும் இருக்கணும். பார்த்தா அந்த எடத்துல இருக்கிற மாதிரியே இருக்கணும். டிரில் மிஷின் இல்லாம."

"அதுக்குத்தானேடா இவ்வளவு பாடும்."

"நீ அந்த ஹாரனோட சண்டை போடற மூஞ்சியைத்தான் நான் அங்க போய்ப் பார்க்கணுமா?"

மதியமும் ஹாரன்தான் ஜெயித்தது.

*

அன்று பஸ்ஸுக்குக் காத்திராமல் பால் வண்டியில் மேலே வந்து, பொழுது சாய்வதற்கு முன் அவன் பாறை ஏறினான். கிடாரும் கூடவே ஏறியது. அவன் செருப்பு அங்கேயே, அப்படியே கிடந்தது.

மாதேஸ்வரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளையை அவனிடம் நீட்டினாள்.

"நாளைக்குக் காலைல ஒரு தடவைதான். அதோட ஸ்டான்லி போயிடுவான்."

"ம்."

"எல்லாம் சரியா வருது. பிருந்தா சரியா ஏறுறா. பெட்டி மேல யாரும் உட்காராம இருக்க அங்காயியம்மாவைக் காவல் வெச்சாச்சு. வெளிச்சம் அருமையா இருக்கு. எல்லாம் சரி."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"அந்த ஹாரன் ஒண்ணுதான்."

மாதேஸ்வரி கொட்டையைத் துப்பினாள். அப்புறம் எழுந்து நின்று, இல்லாத மைக்கைக் கையில் பிடித்து, அப்படியே அவன் குரலில் தொடங்கினாள்:

"வணக்கம் மக்களே! நாங்கதான் ஈரச்சுவர்! பெல் பட்டனை அமுக்குங்க! மறக்காம அமுக்குங்க! அமுக்கலைன்னா அழுதுடுவேன்!"

"அழுதுடுவேன்னு நான் சொன்னதே இல்ல."

"வாயால சொன்னதில்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் நிறுத்தவில்லை. பஸ்ஸில் நடந்ததெல்லாம் பாறைக்கு வந்து சேர்ந்திருந்தது. கண்டக்டரானாள்: "மலை பூரா சோறு குழைஞ்சிடும்!" அங்காயியானாள்: "ஏஞ்சாமி, வவுத்து வலியா?" பெட்டி மேல் உட்கார்ந்த பெரியவராகி இரண்டு தடவை இருமினாள். பேசாத மாமனாராகிக் கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அதுதான் எல்லாவற்றையும்விட அச்சு அசலாக இருந்தது.

"எந்த ஹாரன்னு சொன்னீங்க?"

"பெரியண்ணன் ஹாரன். வேற எது?"

"இப்படியா?"

அவள் இரண்டு கையையும் வாயில் குவித்தாள்.

"பாஆஆம்! பாம் பாம்!"

பாறைக்குக் கீழே சாலையில் படுத்திருந்த ஆடுகள் எழுந்து ஓரமாக நின்றன.

"இல்ல" என்றான் செங்கோட்டுவேலு. "கடைசிப் பாம் கொஞ்சம் சின்னது. பாதியில கையை எடுத்துடுவாரு."

"பாஆஆம்! பாம் பம்!"

"நீட்டறது பத்தல. முதல்ல ஒரு இழுவை இருக்கும், காத்து ஏறுற மாதிரி. அப்புறம்தான் நேரா நிக்கும்."

"ப்பாஆஆஆஆம்! பாம் பம்!"

"ஆங், இழுவை சரி. ஆனா உங்க சுருதி மேல நிக்குது. அவரு இதைவிடக் கீழ. இறங்குங்க."

அவள் இறங்கினாள்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் இறங்கினாள்.

"இன்னும் ஒரு மயிரிழை... அங்க! அங்கயே நில்லுங்க! நகராதீங்க!"

அவள் நகரவில்லை. கன்னம் உப்ப, கண் பிதுங்க, அந்த ஒரே சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் சரிதானா என்று பார்க்கக் கிடாரை எடுத்துக் கம்பியைத் தட்டினான்.

ஒட்டவில்லை. கம்பி மேலே நின்றது.

முறுக்காணியைக் கொஞ்சம் தளர்த்தினான். தட்டினான். இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். தட்டினான்.

ஒட்டியது.

அவள் சத்தமும் கம்பியின் சத்தமும் எது எதுவென்று தெரியாமல் போனது.

மாதேஸ்வரி மூச்சு விட்டாள். அவன் விடவில்லை.

மடியில் கிடந்த கிடாரையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே, எங்கோ அடிவாரத்தில், பஸ் ஏறத் தொடங்கியிருந்தது. ஊத்து வளைவில் ஒரு ஹாரன். கொஞ்சம் நிசப்தம். அடுத்த வளைவில் ஒரு ஹாரன். கொஞ்சம் நிசப்தம். அவன் உதடுகள் அசைந்தன. ஒரு வரி. ஹாரன். ஒரு வரி.

பலாமரத்து வளைவுக்குப் பஸ் வந்தபோது அவன் மற்ற கம்பிகளையும் தளர்த்தத் தொடங்கியிருந்தான்.

நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது.

மாதேஸ்வரி ஒரு கையை வானத்தை நோக்கித் தூக்கி, கண்களைப் பாதி மூடி, முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏறு... ஏறு... ஏறுடா கண்ணு..."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பிருந்தாவும் ஸ்டான்லியும் பால் வண்டியில் இறங்கிப் போய்த் தங்கள் வளைவுகளில் நின்றார்கள். பிருந்தாவிடம் வயலின். ஸ்டான்லியிடம் மரப்பெட்டி, சூட்கேஸ், பாஸ்போர்ட் வைத்த தோள்பை.

கிளம்பும்போது செங்கோட்டுவேலு இருவரிடமும் ஒன்று மட்டும் சொல்லியிருந்தான்.

"நடுவுல நான் பாடறதை நிறுத்துவேன். பயப்படாதீங்க."

"ஏன் நிறுத்தற?" என்றாள் பிருந்தா.

"பெரியண்ணன் பாடறப்ப நாம பேசாம இருக்கணும்ல."

ஸ்டான்லி பால் வண்டியின் தகரத்தில் விரலால் ஏதோ தட்டிப் பார்த்துக்கொண்டே போனான்.

பஸ் கிளம்பியது.

அன்றைக்கென்று பிருந்தாவின் கிளிப் உடைந்திருந்தது. போனைக் கையில் பிடிக்க ஆளில்லை. நல்ல வேளையாக அங்காயி அன்று மேலிருந்தே ஏறியிருந்தார். பெட்டிக் காவலுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாராம்.

"குடு இங்க. எங்க பார்த்துப் பிடிக்கணும்?"

"என்னைப் பார்த்து. அப்புறம் யாரு ஏறுறாங்களோ அவங்களைப் பார்த்து."

"அதைத்தானே நான் தினமும் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

செங்கோட்டுவேலு கண்ணை மூடவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தான். பனி உள்ளே வந்தது.

*கதவைத் தெறந்துதான் வெச்சிருக்கேன்...*

நிறுத்தினான்.

பாஆஆம். பாம் பம்.

*காத்தா வந்தாலும் சரி...*

நிறுத்தினான். வளைவு.

பாஆஆம். பாம் பம்.

கண்ணாடியில் பெரியண்ணனின் புருவம் ஒன்று மேலேறியது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

கோயில் வளைவு தாண்டியது. காலேஜ் பெண் ஏறினாள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்றாள். அடுத்த வளைவில் தெரிந்துபோனது. உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் வைத்துத் தொடையில் தட்டத் தொடங்கினாள். பலாமரத்து வளைவில் பிருந்தா ஏறினாள். ஹாரன் விட்ட இடத்திலிருந்து வயலின் எடுத்தது. வயலின் விட்ட இடத்திலிருந்து அவன் எடுத்தான். பலாப்பழத்துக்காரர் பலாப்பழத்தையே தட்டினார். பழுத்திருந்தது. நல்ல சத்தம்.

கண்டக்டர் விசில் அடிக்க மறந்து, அப்புறம் ஞாபகம் வந்து, சரியான இடத்தில் அடித்தார்.

ஊத்து வளைவு வந்தது.

அது எல்லாவற்றையும்விட இறுக்கமான வளைவு. ஒரு பக்கம் பாறை. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. ஸ்டான்லி அங்கே நிற்க வேண்டும். பால் வண்டி சரியான இடத்தில் இறக்கி விட்டதோ என்னவோ. நேரம் ஆகிவிட்டது என்று யாராவது பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களோ என்னவோ.

செங்கோட்டுவேலு பாடுவதை நிறுத்தினான்.

பிருந்தா வில்லைத் தூக்கிப் பிடித்தாள். காலேஜ் பெண்ணின் கை தொடைக்கு மேலே அப்படியே நின்றது. அங்காயி போனை வளைவுப் பக்கம் திருப்பினார். கூடையில் தக்காளி உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

பெரியண்ணன் கையை ஹாரன் மேல் வைத்தார்.

பாஆஆஆஆம். பாம் பம்.

பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெட்டிச் சத்தம் வந்தது.

தோம்ம்ம். தோம் தம்.